குலை நோயும் சர்க்காரின் கடமையும்

நெற்பயிரைத் தாக்கும் குலை நோய் நமது குடியானவர்களுக்குப் புதியதன்று. 1919-ஆம் ஆண்டில் அது தஞ்சை டெல்டாவில் பரவிப் பெருஞ்சேதம் விளைவித்தது. இன்றும் பனி பெய்யும் குளிர்ந்த இரவுகள் தொடர்ந்து வந்தால், தழைச்சத்தை மிகுதியாக இட்ட வயல்களில் இலைகளின்மீது கண் வடிவமான புள்ளிகள் தோன்றுகின்றன. கதிரின் கழுத்தில் நோய் விழுந்துவிட்டாலோ, மணி பிடிக்காமல் கதிர் பதராகிச் சாய்கிறது. உலகில் ஆண்டுதோறும் இந்நோயால் அழியும் நெல் ஆறு கோடி மக்களுக்கு உணவளிக்கப் போதுமானதென்று விஞ்ஞானிகள் மதிப்பிட்டிருக்கின்றனர்.

இவ்வளவு நாசத்தையும் செய்வது ஒரு நுண்ணிய பூஞ்சாணம். அதன் வித்து இலைமீது விழுந்து, ஈரம் பட்டவுடன் முளை விடுகிறது. தான் இருப்பது இலையின் மெழுகுப் பரப்பு என்று முளை உணர்ந்ததும், உயிரணுவுக்குள் ரசாயனக் கட்டளைகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பிறக்கின்றன. முளையின் நுனி குமிழாகப் பருக்கிறது. தாய் வித்து தன் சத்தையெல்லாம் அதற்குக் கொடுத்துவிட்டு மடிகிறது. குமிழின் சுவரில் மெலனின் என்னும் கரும்பொருள் படிந்து, உள்ளே சேரும் கிளிஸரால் கசியாதபடி காக்கிறது. அதனால் நீர் உட்பாய்ந்து, மோட்டார் டயரிலுள்ள காற்றழுத்தத்தைப் போல் முப்பது மடங்குக்கு மேற்பட்ட அழுத்தம் உண்டாகிறது. அவ்வழுத்தத்தால் ஊசி போன்ற முனையொன்று இலையைத் துளைத்து உள்ளே செல்கிறது.

இக்கட்டளைகளுள் முக்கியமானதொன்றை நடத்துவது பி.எம்.கே.1 என்ற ஜீன். அது இல்லாத பூஞ்சாணத்தால் குமிழ் கட்டவே முடியாதென்பது 1996-இல் வெளியாயிற்று. 2018-இல் பிரிட்டனின் எக்ஸிட்டர் சர்வகலாசாலை விஞ்ஞானிகள், பூஞ்சாணம் இலைக்குள் புகுந்த பிறகு அந்த ஜீன் தரும் புரதத்தின் வேலையை நிறுத்திப் பார்த்தனர். பூஞ்சாணம் தான் நுழைந்த முதல் உயிரணுவிலேயே சிறைப்பட்டது. சோதனைக்கென மாற்றியமைத்த பூஞ்சாணத்தில் நடந்த பரீட்சை அது. வயலில் தெளிக்கும் மருந்தன்று. ஆயினும் பகைவனின் கோட்டையில் எந்தக் கதவை அடைக்க வேண்டுமென்பதை அது காட்டிவிட்டது.

ஆராய்ச்சிசாலையில் நடக்கும் இவற்றால் குடியானவனுக்கு என்ன பயன் என்று கேட்போர் உளர். அவர்களுக்கு நாம் கூறும் விடை இது. டிரைசைக்ளசோல் என்ற மருந்து குலை நோயைத் தடுப்பது, பூஞ்சாணத்தில் மெலனின் உண்டாகாமல் செய்வதனாலேயே. மருந்தை மட்டும் நம்பியிருப்பதன் அபாயமும் அதே மருந்தால் விளங்கிற்று. 2017-இல் ஐரோப்பிய யூனியன், அரிசியில் அதன் எச்சத்துக்குரிய வரம்பைக் கிலோவுக்கு 1 மில்லிகிராமிலிருந்து 0.01 மில்லிகிராமாகக் குறைத்தது. நமது பாஸ்மதி வியாபாரம் இடருற்றது. 2021-இல் டில்லியிலுள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் வெளியிட்ட பூசா பாஸ்மதி 1847 என்ற ரகத்தில் குலை நோயை எதிர்க்கும் இரண்டு ஜீன்கள் சேர்க்கப்பட்டிருக்கின்றன. மருந்துச் செலவையும் எச்சத்தையும் குறைக்கும் நல்வழி இதுவே.

ஏற்றுமதிப் பயிருக்குக் கிடைத்த இக்கவனம், நம் மக்கள் அன்றாடம் உண்ணும் நெல்லுக்கும் கிடைக்க வேண்டாமா? தமிழ்நாட்டில் பரவலாகப் பயிராகும் சம்பா மசூரி குலை நோய்க்கு எளிதில் இலக்காகும் ரகம். அதனைப் பயிரிடுவோர் கடன் வாங்கி மருந்து தெளித்து, பின்னும் வானத்தைப் பார்த்து நிற்கின்றனர். லட்சக்கணக்கான எளிய மக்களின் உணவு சம்பந்தப்பட்ட விஷயத்தில் வியாபார லாபம் ஒன்றே ஆராய்ச்சியின் திசையை நிர்ணயிப்பது நியாயமன்று.

ஒரு ரகத்தை வெளியிட்டவுடன் கடமை தீர்ந்ததென்று சர்க்கார் எண்ணுவதும் பொருந்தாது. பூஞ்சாணமும் மாறுகிறது. பயிர் எந்த அடையாளத்தைக் கொண்டு அதனைக் கண்டுபிடிக்கிறதோ, அந்த அடையாளத்தையே அது மாற்றிக்கொள்கிறது. ஒரே ஜீனை நம்பிய ரகங்கள் பல நாடுகளில் சில ஆண்டுகளிலேயே தோற்றிருக்கின்றன. ஆதலின் வயல்களிலுள்ள பூஞ்சாணத்தை ஆண்டுதோறும் சேகரித்துச் சோதிக்க வேண்டும். வேளாண் சர்வகலாசாலைகளில் அதற்கென நிரந்தரமான ஊழியரும் பணமும் இருக்க வேண்டும். எதிர்ப்புச் சக்தியுள்ள விதை சரியான விலையில், விதைக்கும் பருவத்துக்கு முன்பே கிராமங்களை அடைய வேண்டும். பகைவன் ஓய்வதில்லை, நமது முயற்சி மட்டும் நிதியாண்டோடு முடிந்துவிடலாகாது.