ஆட்டுக்கும் ஒரு ஆட்டக்காரன் வேணும்

சனிக்கிழமை ராத்திரி ஆனா போதும், பெங்களூர்ல எங்க ரூம்ல போர்டு கேம் கச்சேரி ஆரம்பிச்சிரும். வாரம் பூரா ஆபீஸ்ல ஆணி புடுங்குன களைப்பு அதுலதான் போகும். போன வாரம் ஆடினது ‘புவேர்ட்டோ ரிக்கோ’. ஆந்திரியாஸ் சைஃபார்த்ங்கிற ஜெர்மன்காரர் வடிவமைச்சு 2002-ல் வந்தது. போர்டுகேம்கீக் தரவரிசையில் பல வருஷம் நம்பர் ஒன்னா இருந்த ஆட்டம். கரும்பு, காபி, புகையிலை விளைய வச்சு கப்பல்ல ஏத்தணும். வேலைக்கு ஆள்? அவங்களும் கப்பல்லதான் வந்து இறங்குவாங்க. சின்னச் சின்ன பழுப்பு வட்டுகள். விதிப் புத்தகத்துல அதுக்குப் பேரு ‘குடியேறிகள்’!

ஒரு வட்டை எடுத்துக் கரும்புத் தோட்டத்துல வச்சேன். வச்ச கை அப்படியே நின்னு போச்சு.

நமக்கு ஊரு காரைக்கால். 1848-ல் பிரான்ஸ் தன் காலனிகளில் அடிமை முறையை ஒழிச்சது. அப்புறம் கரும்பு வெட்ட ஆள் பத்தல. பாண்டிச்சேரி, காரைக்கால் துறைமுகங்கள் வழியா நம்ம ஜனங்களை ஒப்பந்தக் கூலிகளா மார்டினிக், குவாதலூப், ரீயூனியன் தீவுகளுக்கு ஏத்தி அனுப்புனாங்க. எங்க தாத்தாவோட தாத்தாவுக்கு ஒரு தம்பி. கப்பல் ஏறினவர் திரும்பவே இல்லைன்னு அப்பாயி சொல்லும். அந்தப் பழுப்பு வட்டு எங்க சொந்தக்காரர்ங்க.

“விளையாட்டுதானே மச்சி, சீரியஸ் ஆகாதே”ன்னான் நண்பன். நான் தடை பண்ணச் சொல்லல. கதையை மாத்துறதும் நடக்குது. 2022-ல் வந்த புதுப் பதிப்புல காலத்தை 1897-க்கு நகர்த்திட்டாங்க. நல்லதுதான். ஆனா என் கேள்வி வேற: ஆட்டத்துல நாற்காலி யாருக்கு, காய் யாரு?

கோல் வெர்லியோட ‘ஜான் கம்பெனி’ (2017) எனக்கு ரொம்பப் பிடிக்கும். கிழக்கிந்தியக் கம்பெனியோட பேராசையை ஒளிக்காம காட்டுறார். ஆனாலும் ஆடுறவன் லண்டன் குடும்பத்துக்காரன். புரூஸ் மான்ஸ்ஃபீல்ட் வடிவமைச்ச ‘காந்தி’யில் (2019) காங்கிரஸ், முஸ்லிம் லீக், புரட்சியாளர்கள்னு நமக்கும் நாற்காலி உண்டு. அதையும் ஒரு அமெரிக்கக் கம்பெனிதான் போட வேண்டியிருந்துச்சு.

எங்க ஊர் நிஜ வரலாறே இப்படித்தான். 1739-ல் பிரெஞ்சுக்காரன் கைக்கு வந்துச்சு. 1760-ல் இங்கிலீஷ்காரன் புடிச்சான். 1763 பாரிஸ் ஒப்பந்தப்படி திருப்பிக் குடுத்தான். அந்த மேஜையில் ஒரு காரைக்கால்காரனும் உக்காரல. 1954 அக்டோபர் 18-ல் கீழூர்லதான் நம்மாளுங்க பிரதிநிதிகளா உக்காந்து ஓட்டுப் போட்டாங்க. 178 பேர்ல 170 பேர் இந்தியாவோட இணையணும்னாங்க.

இத்தனைக்கும் இந்த யோசனை நமக்குப் புதுசு இல்ல. கோயில் மண்டபத் தரையில கல்லுலயே கீறி வச்சிருக்கிற ஆடுபுலி ஆட்டத்தைப் பாருங்க. புலி மூணு, ஆடு பதினஞ்சு. ரெண்டு பக்கத்துக்கும் வேற பலம், வேற விதி, வேற வெற்றி. புலி வெட்டி ஜெயிக்கும், ஆடு வளைச்சு ஜெயிக்கும். சமமில்லாத தரப்புகளை மோத விடுறதை இன்னிக்கு அமெரிக்காவுல பெரிய டிசைன்னு கொண்டாடுறாங்க. நம்ம ஆட்டத்தை வடிவமைச்சவன் பேரே நமக்குத் தெரியாது. ஆனா ஆட்டுப் பக்கமும் ஒரு ஆள் உக்காரணும்னு அவனுக்குத் தெரிஞ்சிருக்கு.

எங்க கடற்கரையைப் பாருங்க. வடக்கே தரங்கம்பாடியில் 1620-லிருந்து டேனிஷ்காரன், நடுவுல காரைக்காலில் பிரெஞ்சுக்காரன், தெற்கே நாகப்பட்டினத்தில் 1658-லிருந்து டச்சுக்காரன். எல்லாம் நாற்பது கிலோமீட்டருக்குள்ள. ரெடிமேட் போர்டு! தஞ்சாவூர் அரண்மனை ஒரு தரப்பு, மரைக்காயர் வியாபாரி ஒரு தரப்பு, நெசவாளி ஒரு தரப்பு, மீனவ கிராமம் ஒரு தரப்பு. வெள்ளைக்காரங்க வேணும்னா காயா இருந்துட்டுப் போகட்டும் :-)

அட்டையும் கத்தரிக்கோலும் வாங்கிட்டேன். விதி எழுத ஆரம்பிச்சிருக்கேன், முதல் பக்கத்துலயே முட்டிக்கிட்டு நிக்குது. பொங்கலுக்கு ஊருக்கு வரேன். ஆட வர்றவங்க கை தூக்குங்க மக்களே.