வெண்பாவின் அடுக்களை



திருமுக்கூடலிலிருந்து ஒரு வாசகி எழுதியிருந்தார். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் மகன் கேமே கதி என்று உட்கார்ந்துவிடுகிறானாம். சுடுவதையும் துரத்துவதையும் விட்டால் அதில் என்னதான் இருக்கிறது என்று கேட்கிறார். நியாயமான கவலைதான். ஆனாலும் அம்மா, ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் பக்கத்தில் உட்கார்ந்து ‘வெண்பா’வை ஆடிப் பாருங்கள்.

டொரன்டோவின் விசை கேம்ஸ் 2023 ஜூலையில் வெளியிட்ட விளையாட்டு இது, உருவாக்கியவர் அபி. அறிமுகப் படைப்புக்கான பிரிட்டனின் பாஃப்டா விருது 2024-இல் இதற்குக் கிடைத்தது. கதை 1988-இல் கனடாவில், வெண்பா, பாவலன் என்ற தமிழ்த் தம்பதியின் வீட்டில் தொடங்குகிறது. வெண்பாவுக்கு அவள் அம்மா கொடுத்த சமையல் குறிப்பேட்டில் பல வரிகள் அழிந்து கிடக்கின்றன. இட்லித் தட்டுகளை எப்படி அடுக்குவது? குழிக்கு மேல் குழி வந்தால் மாவு உப்ப இடமிருக்காது. நீங்கள் சட்டென்று சொல்லிவிடுவீர்கள், உங்கள் மகன் திணறுவான். அன்றைக்கு உங்கள் வீட்டில் வாத்தியார் நீங்கள்தான்.

கதையில் வெண்பாவின் மகன் கவின் பிறந்து வளர்கிறான். பள்ளியில் அவன் கெவின். புட்டு வேண்டாம், பீட்சா வேண்டும். வெண்பாவுக்கு மனசு வலிக்கிறது, நமக்கும்தான். அதுவரை அவள் கையாக இருந்து சமைத்த நம்மை, வருடங்கள் கழித்து விளையாட்டு கவினாக்கிவிடுகிறது. அதே குறிப்பேடு, அரைகுறைத் தமிழ். அவனைக் கோபித்துக்கொண்ட நாமே இப்போது அவனாக எழுத்துக் கூட்டுகிறோம். இருவரில் யாரையும் குற்றவாளி ஆக்காத இந்த நேர்மைதான் எனக்கு மிகப் பிடித்தது.

நம் காஞ்சிப் பக்கத்து வீடுகளிலும் இப்படிக் கதைகள் உண்டு. கரையைக் கோத்து நெய்யும் கோர்வைச் சேலைக்கு ஒருவர் கை போதாது. ஒரு பக்கக் கரைக்கு நாடா போட இன்னொருவர் பக்கத்தில் உட்கார வேண்டும். அப்பா நெய்ய, மகன் கரை நாடா போட்ட வீட்டில், மகனுக்கு ஸ்ரீபெரும்புதூர் கம்பெனியில் வேலை கிடைத்தால்? இருவர் கை ஒத்துப்போனால்தான் நகரும் அந்தத் தறியையே ஒரு விளையாட்டாக்கலாம். இளைஞர்களே, யோசனை இருந்தால் எழுதுங்கள்; அடுத்த இதழில் இரண்டு பக்கம் உங்களுக்காக வைத்திருக்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்