வீட்டுக்கு இடம் எது என்று யார் சொல்வது?

தோழர்களே, 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தில் 33ஆம் பிரிவு, தோட்டத்துக்குள் சபை வேலை செய்யத் தடையாக இருந்தது. வாக்கு மட்டும் நம்முடையது. சபையின் பாதையும் தண்ணீரும் தோட்ட எல்லையோடு நின்றன. 2018இல் அப்பிரிவு திருத்தப்பட்டது. பெருந்தோட்டப் பிராந்தியத்துக்கான புதிய கிராமங்கள் அபிவிருத்தி அதிகார சபைச் சட்டமும் அதே ஆண்டில் வந்தது.

இரண்டையும் வரவேற்கிறோம். ஆனால், வீட்டுக் காணி எங்கே என்பதைக் கொழும்பும் கம்பனியும் மட்டும் பேசி முடிக்கக் கூடாது. தேயிலை விளையாத சரிவு எது என்று துரைக்குத் தெரியும். மழைக்கு எந்த மேடு இறங்கும் என்று நமக்குத் தெரியும்.

வீட்டுரிமை நாட்டின் சட்டமாகவே இருக்கட்டும்; எந்தச் சபையும் அதை மறுக்கக் கூடாது. இடத்தைச் சபையும் தோட்ட மக்களும் சேர்ந்து தீர்மானிக்கட்டும். மண்சரிவு அறிக்கை, பாதை, தண்ணீர், காணி உறுதி ஆகிய நான்கும் இல்லாத திட்டத்துக்கு அடிக்கல் வேண்டாம். இதை உங்கள் வட்டார உறுப்பினரிடம் இந்த மாதமே கேளுங்கள்.