காதுவில்லையின் கணக்கு

எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகத்துக்காக வரிசைகட்டி நிற்கும் கன்டெய்னர் லாரிகளைக் கவனித்திருப்பீர்கள். ஒவ்வொரு பெட்டியின் கதவிலும் நான்கு எழுத்தும் ஏழு இலக்கமும் இருக்கும். பெட்டி யாருடையது, எந்தக் கப்பலில் வந்தது என்று அதை வைத்தே சொல்லிவிடுவார்கள். லாரிகளுக்கு ஊடே அசைபோட்டபடி நடக்கும் மாடுகளுக்கும் அரசு ஓர் எண் வைத்திருக்கிறது. அதற்குப் பன்னிரண்டு இலக்கம். ஆனாலும் 2024 ஜூனில் திருவொற்றியூரில் ஓர் எருமை ஒரு பெண்ணைக் கொம்பில் மாட்டித் தெருவோடு இழுத்துப்போனபோது, அது யார் வீட்டு எருமை என்று போலீஸ் தேட வேண்டியிருந்தது.

பெட்டி தொலையாமல் இருப்பது எண்ணின் மகிமையால் அல்ல. நாள் கடந்தால் டெமரேஜ் என்ற தாமதக் கட்டணம் ஏறும். அனுப்பியவர், வாங்குபவர், கப்பல் கம்பெனி எல்லோருடைய பணமும் அதற்குள் இருக்கிறது. மாட்டின் எண்ணுக்குப் பின்னால் யாருடைய பணம் இருக்கிறது?

2019 செப்டம்பரில் 13,343 கோடி ரூபாயில் தொடங்கிய தேசிய கால்நடை நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டம், கோமாரித் தடுப்பூசியோடு அந்த எண் பொறித்த மஞ்சள் காதுவில்லையையும் இலவசமாகக் கொடுத்தது. கிராமத்தில் மாட்டை இன்சூரன்ஸ் செய்தவர் அந்த வில்லையைத் தாலி மாதிரி காப்பாற்றுவார். மாடு செத்தால் இழப்பீடு கேட்க வில்லையைக் காட்டியாக வேண்டும். வில்லை விழுந்துவிட்டால் அவரே கால்நடை மருத்துவரிடம் ஓடுவார், யாரும் சொல்ல வேண்டியதில்லை.

வடசென்னையில் கணக்குத் தலைகீழ். மேய்ச்சல் நிலம் கிடையாது. வைக்கோலும் தவிடும் புண்ணாக்கும் காசு கொடுத்து வாங்க வேண்டும். கறந்துவிட்டு அவிழ்த்துவிட்டால் பாதித் தீவனச் செலவைத் தெருவும் காய்கறிச் சந்தைக் கழிவும் ஏற்றுக்கொள்ளும். இதைத் தடுக்க மாநகராட்சி, தெருவில் பிடித்த மாட்டை விடுவிக்கக் கட்டும் அபராதத்தை 2023இல் 2,000 ரூபாயிலிருந்து 5,000 ஆக்கியது, அடுத்த ஆண்டே 10,000 ஆக்கியது. ஊக்கத்தொகையும் சேர்த்து அந்த ஆண்டு ஆவின் கொடுத்த 38 ரூபாய் கொள்முதல் விலையில் பார்த்தால், 10,000 என்பது ஏறத்தாழ 263 லிட்டர் பசும்பால். பத்து லிட்டர் கறக்கும் பசுவுக்கு இருபத்தாறு நாள் உழைப்பு. வாசலில் கறந்து விற்பவருக்குக் கூடுதல் விலை கிடைப்பதால் நாள் சற்றுக் குறையலாம். எப்படியும் கறவை மாட்டை மீட்க அவர் வருவார்.

வறட்டு மாட்டுக்கும் காளைக்கன்றுக்கும் யார் வருவார்கள்? மாட்டின் விலையை அபராதம் நெருங்கும்போது, காதில் தொங்கும் எண் சொந்தக்காரருக்கு எதிரான சாட்சி. ஒரு கத்தரிக்கோல் போதும். தோலுக்கடியில் சிப் வைத்தால் வெட்ட முடியாதுதான். ஆனால் சிப்பே வைக்காத மாட்டைக் கருவி எப்படிப் படிக்கும்? மாட்டுக்காரர்களைத் திட்டுவது எளிது. அவர்கள் கறந்த பாலில் காபி குடித்துவிட்டுத்தான் நாமும் திட்டுகிறோம்.

1996இல் ‘மேட் கவ்’ நோயால் பிரிட்டிஷ் மாட்டிறைச்சிக்கு ஐரோப்பா தடை போட்ட பிறகுதான் பிரிட்டனில் மாட்டுக்கு அடையாளப் பாஸ்போர்ட் வந்தது. சந்தை கைவிட்டுப் போன பயம் அதற்குப் பின்னால் இருந்தது. நம் தெரு மாட்டின் எண்ணுக்கு அபராதத்தைத் தவிர வேறு பயன் தெரியவில்லை என்றால், எண்ணை ஒளிப்பதே லாபம்.

பயனைக் காட்ட வழி இருக்கிறது. ராயபுரம் மண்டலத்தில் பேசின் பாலம் அருகே மாநகராட்சி மாட்டுத் தொழுவம் அமைத்திருக்கிறது. இடமில்லாதவர்கள் பெயரளவுக் கட்டணத்தில் மாட்டைக் கட்டிக்கொள்ளலாம். வில்லை உள்ள மாட்டுக்கே அங்கே இடம், அதே எண்ணில் இன்சூரன்ஸ், முதல்முறை பிடிபட்டால் பாதி அபராதம் என்று வைத்துப் பார்க்கட்டும். கூடவே வறட்டு மாட்டை அபராதமில்லாமல் ஒப்படைக்கவும் ஓரிடம் வேண்டும். அது இல்லாதவரை கறவைப் பசு தொழுவத்தில் நிற்கும், அதன் காளைக்கன்று வெறுங்காதோடு கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே நிற்கும்.