பாட்டிலைக் கவிழ்த்தால் போதுமா?

மார்கழி பிறந்துவிட்டால் எங்கள் கோவைப் பக்கத்து எண்ணெய்க் கடைகளில் ஒரு வித்தை ஆரம்பமாகிவிடும். கடைக்காரர் தேங்காயெண்ணெய் பாட்டிலை எடுப்பார், மூடியைத் திருகுவார், கல்லாப்பெட்டிக்கு மேலேயே தலைகீழாகக் கவிழ்த்துப் பிடிப்பார். “ஒரு சொட்டு விழுதுங்களா? உறைஞ்சா அசலு, உறையாட்டிக் கலப்படம். அவ்வளவுதானுங்க.” வெள்ளை மெழுகாய் இறுகிப்போன எண்ணெய் அசையாது. வாங்க வந்தவரும் அசந்து நின்றுவிடுவார். இருபது வருடமாக இதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இப்போது பலகையில் எழுதி மாட்டியிருக்கிறார்கள். வாட்ஸ்அப்பில் அது ‘முன்னோர் அறிவியல்’ ஆகவும் பதவி உயர்வு பெற்றுவிட்டது.

செக்கில் ஆட்டினால்தான் உறையும், மில் எண்ணெய் உறையாது என்பார்கள். செக்கு, எக்ஸ்பெல்லர் எதுவானாலும் பிழிந்து எடுப்பதோடு சரி, மூலக்கூறை மாற்றுவதில்லை.

சென்னையில் இருக்கும் மகன் வாங்கிய எண்ணெய் உறையவில்லை, அங்கே விற்பதெல்லாம் போலி என்பார்கள். தேங்காயெண்ணெய் இளகுவது 24, 25 டிகிரி வாக்கில். கோவையில் மார்கழி இரவு 20 டிகிரிக்குக் கீழே போகும், கடலோர ஊரில் வீட்டுக்குள் அப்படி இறங்காது. பாவம், அந்தச் சென்னைக் கடைக்காரர். இதே கோவைக் கடையில் சித்திரை மாதம் எல்லா பாட்டிலும் தண்ணீராக நிற்குமே, அந்த மாதம் முழுக்க இவர் விற்பது என்னவாம்?

சரி, இந்த எண்ணெய் ஏன் உறைகிறது? ஆலைக்குப் போகும் கரும்பை யோசித்துப் பாருங்கள். நேரான கழிகளை அடுக்கிக் கயிறு போட்டு இறுக்கினால், நடுவே விரல் நுழையாது. அதே கயிற்றில் வேலிக்காத்தான் முள்ளைக் கட்டிப் பாருங்கள். எவ்வளவு மிதித்தாலும் உள்ளே பாதி காற்றுதான் இருக்கும், ஒரு உதறலில் அவிழ்ந்துவிடும். எண்ணெயில் இருப்பவையும் இப்படிக் கழிகள்தாம். கார்பன் அணுக்கள் கோத்த கொழுப்பு அமிலச் சங்கிலிகள், மும்மூன்றாகக் கிளிசரினில் தொங்குகின்றன. நேரான சங்கிலிகள் நெருங்கி அடுக்கிப் படிகமாகும், அதைக் கலைக்க அதிக வெப்பம் வேண்டும். வளைந்தவை நெருங்கவே முடியாது.

ஸ்டியரிக் அமிலத்தில் 18 கார்பன். அது உருக 69 டிகிரி வேண்டும். ஒலியிக் அமிலத்திலும் அதே 18 கார்பன்தான், குறைவது இரண்டே இரண்டு ஹைட்ரஜன். ஆனால் அந்த இடத்தில் இரட்டைப் பிணைப்பு விழுந்து சங்கிலி முழங்கை மாதிரி மடங்கிவிடுகிறது. விளைவு, 13 டிகிரியிலேயே உருகிவிடும். எடை கூடினால் உருகுநிலை கூடும் என்று டியூஷனில் ஒப்பித்தவர்கள் இங்கே கொஞ்சம் நிற்கலாம். அதே ஒலியிக்கின் அணுக்களை, ஒன்றுகூடக் குறையாமல், மடிப்பை மட்டும் நிமிர்த்தி வைத்தால் அது எலாய்டிக் அமிலம். இது 44 டிகிரி வாக்கில் உருகும். இந்த வகையைத்தான் டிரான்ஸ் கொழுப்பு என்கிறோம். பழைய வனஸ்பதி கட்டியாக நின்றதற்கு இதுவும் ஒரு காரணம். 2022 ஜனவரி முதல் எண்ணெய், கொழுப்புகளில் இதற்கு 2 சதவீதம்தான் உச்சவரம்பு. உறைவதுதான் அசலுக்கு அடையாளம் என்றால் வனஸ்பதிக்கு அல்லவா முதல் மரியாதை செய்ய வேண்டும்?

தேங்காயெண்ணெயில் சுமார் 90 சதவீதம் நேரான சங்கிலிகள். அதில் ஏறக்குறையப் பாதி, 12 கார்பன் கொண்ட லாரிக் அமிலம். உறைவதற்குக் காரணம் இந்த வடிவம், கடைக்காரரின் நாணயம் இதில் எங்கும் வரவில்லை. வேடிக்கை இனிமேல்தான். பனை எண்ணெய் எடுக்கும் செம்பனையின் கொட்டைக்குள் ஒரு பருப்பு இருக்கிறது. அதிலிருந்து எடுக்கும் எண்ணெயிலும் ஏறக்குறையப் பாதி லாரிக் அமிலம்தான். அதுவும் மார்கழியில் கல்லாய் உறையும். கலப்படக்காரன் விவரமானவனாக இருந்தால் அதைத்தான் கலப்பான். பாட்டிலைக் கவிழ்த்தால் ஒரு சொட்டு விழாது. கந்தகப் புகை போட்டு வெளுப்பாக்கிய தேங்காய்ப் பருப்பில் ஆட்டிய எண்ணெயும் அப்படியே உறையும். காங்கயத்தில் தேங்காய்ப் பருப்பு காயும் களங்களை ஒரு நடை பார்த்தவர்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை.

உறைவதை வைத்துச் சோதிக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. கடலை எண்ணெய்க்கு பெல்லியர் சோதனை என்று ஒன்று உண்டு. கடலையில் இருக்கும் நீளமான நேர்ச் சங்கிலிகளைப் பிரித்து, கரைசலைக் குளிரவிட்டு, எந்த டிகிரியில் கலங்குகிறது என்று பார்ப்பார்கள். 39க்கும் 41க்கும் இடையில் கலங்க வேண்டும். தெர்மாமீட்டர் இருக்கிறது, எண் இருக்கிறது. தேங்காயெண்ணெய்க்கு அயோடின் எண் இருக்கிறது. இரட்டைப் பிணைப்பு உள்ள இடத்தில் அயோடின் ஒட்டும், எவ்வளவு ஒட்டியது என்று அளந்தால் எத்தனை மடிப்பு என்று தெரிந்துவிடும். தேங்காய்க்கு அது 7.5 முதல் 10 வரை, செம்பனைப் பருப்புக்கு 14க்கு மேல்.

போன வாரம் அந்தக் கடையில் நின்று, “அயோடின் எண் எவ்வளவுங்க?” என்று கேட்டேன். கவிழ்த்த பாட்டிலை நிமிர்த்தாமலே என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“அதெல்லாம் உப்புலதானுங்க இருக்கும். எண்ணெயில நாங்க ஒண்ணும் கலக்கறதில்லீங்க.”