சுவருக்குப் பூசும் சாயம் மதிப்பெண் தருமா?



உயர்கல்வி நிறுவனங்களுக்குத் தரச்சான்று வழங்கும் 'நாக்' அமைப்பின் ஆய்வுக் குழு நேரில் வந்தபோதெல்லாம் நம் கல்லூரிகளில் கட்டடத்துக்கு வெள்ளை அடிப்பதும் வாசலில் பூந்தொட்டி அடுக்குவதும் தொடங்கிவிடும். பாவம், பழைய கோப்புகளைத் தேடி அலைந்தது இளம் விரிவுரையாளர்கள்தான். மதிப்பெண்ணில் பெரும்பங்கு ஐந்தாண்டு ஆவணங்களிலிருந்தே வந்தது. குழு தங்கிய சில நாட்களில் அதை மாற்ற முடிந்ததில்லை. 2025 பிப்ரவரியில் ஆய்வுக் குழுவினரையே லஞ்ச வழக்கில் சிபிஐ கைது செய்தபின் இந்தப் பூச்சு வேலைக்கு மரியாதை வேறு குறைந்துவிட்டது.

எங்கள் கொடைக்கானலில், அட்டுவம்பட்டியில், 1984-ல் அரசு தொடங்கிய அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் இருக்கிறது. மலையில் அமைந்த மகளிர் பல்கலைக்கழகத்தை அளக்கும்போது கேட்க வேண்டியவை வேறு. மார்கழிப் பனியில் விடுதியில் வெந்நீர் கிடைக்கிறதா? மாலை ஆய்வகம் முடிந்து வெளியே வரும் பெண்ணுக்கு வத்தலக்குண்டுப் பேருந்து உண்டா? மழையில் மின்சாரம் போனால் நூலகம் இயங்குமா? மேல்மலைக் கிராமத்துப் பெண்கள் எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் படிப்பை முடித்தார்கள்?

மாணவியரின் கருத்தைக் கேட்கும் ஆய்வும் 'நாக்' முறையில் உண்டு. அதற்கு என்ன எழுத வேண்டும் என்று யாரும் சொல்லித்தராமல் இருந்தால் சரி. பல்கலைக்கழகம் 'நாக்'குக்கு அளிக்கும் தன்மதிப்பீட்டு அறிக்கையைத் தமிழிலும் அச்சிட்டு, ஊர் நூலகத்தில் ஒரு படி வைக்கலாமே.

ஓய்வுபெற்ற ஆசிரியர்,
கொடைக்கானல்