எய்தவனும் அம்பும்

பால்டிக் கடலோரத்தில் உள்ள எஸ்தோனியா மிகச் சிறிய தேசம். 1939-ல் அதன் ஜனத்தொகை சுமார் 11 லட்சமே. அத்தேசத்து ஜனங்கள் ஆண்டுதோறும் மார்ச் 25-ந் தேதியன்றும் ஜூன் 14-ந் தேதியன்றும், தங்கள் மண்ணிலிருந்து பிடுங்கி எறியப்பட்டவர்களை நினைவு கூருகிறார்கள். மாண்டவர்களுக்காகத் துக்கம் அனுஷ்டிப்பதில் அங்கே அபிப்பிராய பேதம் அதிகம் இல்லை. அவர்களை வண்டியேற்றி அனுப்பியவர்களை என்ன செய்வது என்பதே 1991-ல் சுதந்திரம் திரும்பியது முதல் அத்தேசத்தை உலுக்கி வந்திருக்கும் பிரச்னை. அன்று குற்றஞ் சாட்டப்பட்டவர்களில் அநேகர் இன்று உயிரோடில்லை. கேள்வி மாத்திரம் உயிரோடு இருக்கிறது.

நடந்தது இன்னதென்பதை முதலில் தெளிவாக அறிந்துகொள்வது அவசியம். 1941 ஜூன் 14-ந் தேதி விடியுமுன் தொடங்கி ஏறக்குறைய 10,000 பேரை ஸோவியத் அதிகாரிகள் வீடு வீடாகச் சென்று பிடித்தனர். ஆண்கள் குடும்பத்தினின்று பிரிக்கப்பட்டுக் கைதி முகாம்களுக்கு அனுப்பப்பட்டனர். ஸ்திரீகளும் குழந்தைகளும் ருஷ்யாவின் தூரப் பிரதேசங்களுக்கு ஓட்டப்பட்டனர். 1949 மார்ச் 25 முதல் சில நாட்களுக்குள் இன்னும் 20,000-க்கு மேற்பட்டவர்கள் சரக்கு வண்டிகளில் ஸைபீரியாவுக்கு அனுப்பப்பட்டார்கள். லாத்வியா, லித்துவேனியா இரண்டையும் சேர்த்தால் தொகை 90,000-ஐத் தாண்டும். இவர்களில் பெரும்பாலோர் ஸ்திரீகள், குழந்தைகள், வயோதிகர். எந்த நீதிபதியும் இவர்களை விசாரிக்கவில்லை. 'குலாக்' என்று முத்திரை குத்தப்பட்ட குடியானவன் வீட்டில் பிறந்ததும், 'தேசியவாதி' என்று பெயரிடப்பட்டவனுக்கு மனைவியாக வாய்த்ததுமே குற்றம். என்றென்றைக்குமான தேசப்பிரஷ்டம் அதற்குத் தண்டனை. இதன் நோக்கமும் மறைவானதல்ல. கூட்டுப் பண்ணையில் சேர மறுத்து நின்ற குடியானவர்கள், அண்டை வீடு காலியானதைக் கண்ட ஒரு மாத காலத்திற்குள் பாதிக்கு மேல் நிலத்தை ஒப்புக்கொடுத்து விட்டார்கள்.

இதற்குப் பொறுப்பாளிகளை விசாரிக்கலாகாது என்போர் கூறும் முதல் நியாயம், அக்காலச் சட்டம் அதை அனுமதித்தது என்பது. 2003-ல் எஸ்தோனிய நீதிஸ்தலத்தால் தண்டிக்கப்பட்ட முன்னாள் ஸோவியத் அதிகாரிகள் இருவர் ஐரோப்பிய மனித உரிமை நீதிஸ்தலத்தில் இதையே வாதித்தனர். 2006 ஜனவரியில் அந்த நீதிஸ்தலம் அவர்களுடைய மனுவைத் தள்ளிவிட்டது. சிவில் ஜனங்களை நாடு கடத்துவது மானிட வர்க்கத்துக்கு விரோதமான குற்றம் என்று 1945-ல் நூரம்பர்க் சாஸனம் விதித்தது. அந்தச் சாஸனத்தில் கையொப்பமிட்ட வல்லரசுகளில் ஸோவியத் யூனியனும் ஒன்று. ஜெர்மானியத் தலைவர்களைக் கூண்டில் நிறுத்திய அதே சர்க்கார், நான்கு ஆண்டுகளுக்குள் அதே காரியத்தைத் தானே செய்துவிட்டு, 'எங்கள் சட்டத்தில் இது குற்றமல்ல' என்று சொன்னால் அதை யார் ஏற்பார்கள்? அயலானுக்கு ஒரு படி, தனக்கு ஒரு படி என்று அளப்பதற்கு நீதி என்று பெயரில்லை.

இரண்டாவது வாதம், 'எய்தவன் இருக்க அம்பை நோவானேன்?' என்பது. மாஸ்கோவில் உத்தரவு பிறப்பித்தவர்கள் ஒருநாளும் கூண்டில் ஏறவில்லை. கிராமத்துக்குச் சென்ற சிறிய உத்தியோகஸ்தர்களே அகப்பட்டார்கள். இதில் உண்மை இருக்கிறது, மறுப்பதற்கில்லை. ஆயினும் அம்புக்குக் கண்ணில்லை, மனிதனுக்கு உண்டு. கதவைத் தட்டியவன் உள்ளே தொட்டிலைக் கண்டான். ஜாபிதாவில் குழந்தையின் பெயரைப் படித்தான். பெரியவன் தப்பினான் என்பதற்காகச் சிறியவனின் செயல் செய்யாததாகி விடாது. அவனுக்கு விதிக்கும் தண்டனையின் அளவைக் குறைக்க அது காரணமாகலாம். விசாரணையையே கைவிட அது காரணமாகாது.

எஸ்தோனியா இவ்வழியைத்தான் பெரும்பாலும் பின்பற்றியது. மேற்சொன்ன இருவருக்கும் எட்டு ஆண்டுத் தண்டனை விதித்து, அதை அநுபவிக்க வேண்டாமென நிறுத்தி வைத்தார்கள். கிழவர்களைச் சிறையில் வாட்டுவதற்காக அல்ல, நடந்தது குற்றம் என்பதை நிலைநாட்டவே வழக்கு நடந்தது என்பதற்கு வேறு சாட்சி வேண்டுவதில்லை.

ஆனால் ஒரு விஷயத்தில் எச்சரிக்கை தேவை என்று கருதுகிறோம். ஹீயுமா தீவிலிருந்து 251 பேரை 1949-ல் அனுப்பியது சம்பந்தமாக, ஸோவியத் வீரப் பட்டம் பெற்ற ஆர்னால்டு மேரி என்பவர்மீது 2008-ல் விசாரணை தொடங்கியது. சாட்டப்பட்ட குற்றமோ இனப் படுகொலை. அவர் குற்றத்தை மறுத்தார். தீர்ப்புக்கு முன்பே, 2009 மார்ச்சில், 89-வது வயதில் இறந்தார். ருஷ்ய ஜனாதிபதி மெத்வெதேவ் அவருக்கு மரணத்திற்குப்பின் விருதளித்தார். ஒரு கரையில் குற்றவாளி, மறு கரையில் தியாகி! தீர்ப்புப் பெறாதவரை இரண்டில் எதுவாகவும் நாம் அழைப்பதற்கில்லை. 1948-ம் வருஷத்து ஒப்பந்தம் இனப் படுகொலைக்குத் தனி இலக்கணம் வகுத்திருக்கிறது. மானிட விரோதக் குற்றம் என்ற பெயரே போதுமானதாகவும் பொருத்தமாகவும் இருக்க, அதனினும் கனத்த பெயரைச் சூட்டுவது எதிரிக்கு வாதம் தேடிக் கொடுப்பதாகும்.

அந்த ஆர்னால்டு மேரியின் ஒன்றுவிட்ட சகோதரர்தாம் லென்னார்ட் மேரி. 1941-ல் பன்னிரண்டு வயதுப் பாலகனாகக் குடும்பத்தோடு நாடு கடத்தப்பட்ட அவர், 1992 முதல் 2001 வரை எஸ்தோனியாவின் ஜனாதிபதியாக இருந்தார். அவர் 1998-ல், பின்லாந்து ராஜதந்திரி மாக்ஸ் யாகப்ஸன் தலைமையில் ஒரு சர்வதேச விசாரணைக் கமிஷனை நியமித்தார். ஸோவியத் கொடுமைகளை மட்டுமின்றி, 1941 முதல் 1944 வரை ஜெர்மானிய ஆட்சியில் நடந்த யூதர் கொலைகளையும், அதில் எஸ்தோனியர் சிலருக்கு இருந்த பங்கையும் அது ஆராய்ந்தது. தன் காயத்தைக் காட்டும் தேசம் தன் கையிலுள்ள கறையையும் காட்டத் துணிந்தது. அதன் முறையீட்டுக்கு வலிமை தருவது இந்தத் துணிவே.

கூண்டில் நிறுத்த ஆளில்லாத காலம் நெருங்கிவிட்டது. நீதிஸ்தலம் இனிச் செய்யக்கூடியது சொற்பம். சரித்திரம் செய்யவேண்டியது அதிகம். 2018-ல் டாலின் நகரத்து மாரியமாயேவில் திறக்கப்பட்ட நினைவுச் சின்னத்தில் 22,000-க்கு மேற்பட்ட பெயர்கள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. அப்பெயர்களை மாஸ்கோவும் ஒருநாள் வாசித்தாக வேண்டும். ஆவணங்களைத் தடையின்றி ஆராய இடங்கொடுப்பதும், நடந்தது குற்றம் என்று ஒப்புவதும் ருஷ்ய ஜனங்களுக்கு அவமானமல்ல; அதே கொடுங்கோன்மையில் அவர்களும் லட்சக்கணக்கில் மாண்டவர்களே. ஜாபிதா எழுதிய கைகளுக்காக அவர்கள் வாதாடுவானேன்?